வைக்காத ஊறுகாய்

முசிறியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, மனைவி அழகம்மாளைத் தென்னூர் டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார் காத்தமுத்து.

"ரெண்டு மாசமா இவளுக்கு மறதிங்க டாக்டர். இலையில உப்பு வைக்கிறதில்ல, ஊறுகாய் வைக்கிறதில்ல. கேட்டா எங்கிருந்தோ எடுத்துக் காட்டி, அப்பவே வெச்சேன்னு சாதிக்கிறா. இவ அண்ணனுக்கும் மறதியிலதான் ஆரம்பிச்சுது. மூளையில கட்டின்னாங்க. ஆறே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டாரு. அதான் பயந்து கூட்டியாந்தேன்."

"பொரியல்?"

"அதெல்லாம் ஒழுங்கா வைக்கிறா."

டாக்டர் அழகம்மாளிடம் கிழமை கேட்டார், பிள்ளைகள் பெயர் கேட்டார். தடுமாறாமல் சொன்னாள்.

"சோறு கொண்டாந்திருக்கீங்கல்ல? இங்கேயே இவருக்குப் பரிமாறும்மா."

மேஜையில் இலையைப் போட்டு, தூக்குவாளியைத் திறந்து பரிமாறினாள். காத்தமுத்து இலையைப் பார்த்தார்.

"பாருங்க டாக்டர், உங்க கண்ணெதிரேயே மறந்துட்டா. உப்பும் இல்ல, ஊறுகாயும் இல்ல."

"வெச்சேனுங்க," என்றாள் அழகம்மாள், குனிந்த தலை நிமிராமல்.

டாக்டர் இலையைச் சுற்றித் திருப்பினார். உப்பும் ஊறுகாயும் காத்தமுத்துவின் வலது பக்கம் வந்து நின்றன.

"இது எப்ப வெச்சா?"

"முதல்லயே வெச்சாங்க. உங்க இடது பக்கம்."

டாக்டர் விளக்கை எடுத்து அவர் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"பேரு?"

"அழகம்மாள்ங்க."

"உங்க பேரைச் சொல்லுங்க."