மைனாக்காவின் நேரலை

பகலிலும் இருட்டாகக் கிடக்கும் ஒரு மரப்பொந்தில் மைனா ஒன்று இருந்தது. மனசு நொந்த பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் போனில் நேரலையாக ஆறுதல் சொல்வது அதன் தொழில். கூடவே உழைப்பவர் உரிமையும் பேசும். பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! அதன் முகத்துக்கு வெளிச்சம் தருவது ஒரு மின்மினி.

அன்று நேரலைக்கு முன் மின்மினி, "அக்கா, உடம்பு முடியல. இன்னிக்கு மட்டும் லீவு குடுங்களேன்" என்று கெஞ்சியது.

"இதைப் போய் வேலைன்னு நினைக்கிறியே! நாம ஒரே குடும்பம் கண்ணு. உன் களைப்பு உடம்புல இல்ல, சின்ன வயசுக் காயத்துல இருக்கு. மூச்சை நல்லா இழுத்து விடு" என்றது மைனா.

மின்மினி மூச்சை இழுத்து விட்டது. பிறகு ஒளிர ஆரம்பித்தது.

நேரலையில் ஓர் எறும்பு அழுதபடி வந்தது. "எங்க முதலாளியம்மா ஓய்வே தர்றதில்லீங்க. கேட்டா, நாம ஒரே குடும்பம்ங்கிறாங்க."

மைனா ஓரக்கண்ணால் மின்மினியைப் பார்த்தது. ஆனால் காடே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் வழக்கத்தைவிடச் சத்தமாக முழங்கியது: "குடும்பம்னு சொல்லி ரத்தத்தை உறிஞ்சுறவங்களோட ஒரு நிமிஷம்கூட இருக்காதே. இப்பவே கிளம்பு!"

"சரிக்கா" என்று மெல்லச் சொன்னது மின்மினி. பொந்து இருண்டது. சின்னதொரு சிறகுச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

பார்த்தவர்களோ, உழைப்பவர்களுக்காக அக்கா விளக்கையே அணைத்துவிட்டார் என்று உருகினார்கள். போன் திரையில் இதயங்கள் குவியக் குவிய, பொந்துக்குள் சிவப்பாக வெளிச்சம் பரவியது. அதில் தன் முகம் தெரிந்துவிடுமே என்று மைனா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.