யார் வீட்டு ஸ்பீக்கர்?

“அடுத்தது என்ன தெரியுமா? மிக்சி சத்தம். முக்கால் மணி நேரம் மிக்சி ஓடுது. அத ஒருத்தன் உக்காந்து கேட்டிருக்கான்.”

“கேட்டா கேட்டுட்டுப் போறாங்க. விடுங்களேன்.”

“எப்படி விட? என் அக்கவுண்ட், என் பாட்டு. எவனோ உள்ள பூந்து மழைச் சத்தமும் ஃபேன் சத்தமும் கேக்கான். அதப் பாத்துட்டு இந்த ஆப்பு எனக்கும் ‘உங்களுக்குப் பிடித்தவை’ன்னு இடிச் சத்தத்தக் கொண்டாந்து நீட்டுது!”

ஜோசப்ராஜ் போனை மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தார். சேசம்மாள் சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டாளே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

ஐரோலி கம்பெனியில் ஆறு நாளும் மெஷின் சத்தத்தில் காது மரத்துப் போகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கேட்கும் பாட்டுதான் அந்த வாரத்துக்கே மூச்சு. பாட்டென்றால் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், வீடே கேட்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதில் அடைத்துக்கொண்டு, பல்லவி முடியுமுன் அடுத்த பாட்டுக்குத் தாவுவதைப் பார்த்தால், விருந்துக்கு வந்து இலையை நக்கிவிட்டு ஓடுவதுபோல் இருக்கும் அவருக்கு.

இப்போது சில வாரங்களாக, நல்ல சரணத்தின் நடுவில் பாட்டு நின்றுவிடுகிறது. ‘வேறொரு கருவியில் ஒலிக்கிறது’ என்று திரையில் வருகிறது. அவர் மறுபடி அழுத்தினால் திருடன் உடனே விட்டுக்கொடுத்துவிடுகிறான். ஒரு நாளும் திருப்பிப் பிடுங்கியதில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நல்லவன் மாதிரி நடிக்கிறான்.

“எனக்குத் தெரியும், உஸாமாதான். கிறிஸ்மஸுக்கு அவன் ஸ்பீக்கர்லதான நம்ம பாட்டப் போட்டோம்? அன்னைக்குப் பூந்தவன் வெளியவே போகல.”

“அந்தத் தம்பியா? நம்ம வீட்டுல கரண்டு போனா அவன்தான் வயர் இழுத்துத் தாரான். வாய்க்கு வந்தபடி பேசாதீங்க.”

“இன்னைக்குக் கையும் களவுமாப் புடிக்கேன். அவன் பட்டறை ஆளுங்க முன்னாலயே கேப்பேன். அதோட அவன் சகவாசமே நமக்கு வேண்டாம்.”

அந்த ஆப்பைப் போனில் ஏற்றித் தந்தவள் மகள் ஜெனிட்டா. தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் சான்பாடாவுக்குப் போனதிலிருந்து வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. அதனால் போனில் எந்தச் சந்தேகம் வந்தாலும் ஜோசப்ராஜ் தானே தட்டித் தடவிப் பார்த்துக்கொள்வார். நேற்று அப்படித் தடவியதில் ஒரு வழி அகப்பட்டது. திருடனின் ஸ்பீக்கர், ஏதோ எழுத்தும் நம்பருமாக, திரையில் தெரிந்தது. அதில் என்ன பாட வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்பதை இங்கிருந்தே வைக்கலாம்.

“திருவிழா பேண்டு ஒண்ணு வச்சிருக்கேன். ட்ரம்பெட்டும் ட்ரம்ஸுமா சும்மா கிழிக்கும். இத அவன் ஸ்பீக்கர்ல ஃபுல்லா வச்சா, எந்த வீட்டுல சத்தம் வருதோ அவன்தான் கள்ளன்.”

சேசம்மாளின் கரண்டி நின்றது. “ஐயையோ, சத்தமா வைக்காதீங்க. மத்தியான நேரம், தூங்குதவங்க இருப்பாங்க.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் தாராவியில எவன் தூங்குதான்?”

அதற்குள் அவர் செருப்பை மாட்டியிருந்தார்.

எதிர்ச் சந்தில் உஸாமாவின் பை தைக்கிற பட்டறை. வாசலில் நின்று பாட்டை அழுத்தினார். சத்தக் கோட்டைக் கடைசிவரை இழுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

தையல் மெஷின்கள் மட்டும் கடகடத்தன.

“வாங்க அண்ணாச்சி,” என்றான் உஸாமா உள்ளேயிருந்து. “என்ன, ரெய்டா?”

“உன் ஸ்பீக்கர் எங்கலே?”

“அந்தா கெடக்கு. கிறிஸ்மஸ் அன்னைக்கு நீங்க போட்ட போடுல வாயப் பொளந்ததுதான். இன்னும் ரிப்பேருக்குக் கூடக் கொண்டு போகல.”

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். ரெக்சின் துண்டுகளுக்கு அடியில், வயர் பிடுங்கிய ஸ்பீக்கர் தூசி படிந்து கிடந்தது.

ஜோசப்ராஜ் போனைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கோ, யார் வீட்டிலோ, அவருடைய பேண்டு முழங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தக் கோடு தானாகக் கீழே இறங்கியது.

அவர் மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினார்.

“பாத்தியாலே, இத்தன நாள் பம்முனவன் இப்ப சண்டைக்கு வாரான்!”

“ஏங்க, அத நிறுத்துங்க!” பின்னால் சேசம்மாள் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தாள். கையில் மீன் கரண்டி அப்படியே இருந்தது. “சொன்னாக் கேளுங்க, நிறுத்துங்க!”

“நீ எதுக்குட்டி கள்ளனுக்குப் பரிஞ்சு பேசுத?”

அவள் பதில் சொல்லுமுன் அவர் கையிலிருந்த போன் அடித்தது. பெயர் இல்லாத நம்பர். மாட்டிக்கொண்டதும் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, உஸாமாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ, கோன்? யாரு?”

முதலில் வந்தது அவருடைய ட்ரம்பெட்தான். அதை மீறிக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு பெண் குரல் வந்தது.

“அப்பா, சத்தத்தக் கொறைங்கப்பா... இப்பத்தான் தூங்குன உங்க பேரன் பயப்படுதான்.”