ஓடைக்கு அப்பால் நிற்கும் லாரி

“இந்த வாரமும் வண்டி நின்னுபோச்சு முதலாளி.”

டிரைவர் பேயாண்டி இதைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். லாரி முதலாளி சீதாராமன் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நேராக மெக்கானிக் காசிமாயன் பக்கம் திரும்பினார்.

“நாலு வாரமாச்சு! அதே ஓடை, அதே கோளாறு. இந்த அழகிலே என் மத்த ரெண்டு பழைய வண்டியையும் பழுதுபாக்க உன்னை நம்பி எப்படிய்யா குடுக்கிறது?”

காசிமாயனுக்குக் காது சிவந்துவிட்டது.

யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட ஓட்டை லாரி அது. மதுரைக்கு இழுத்து வந்தபோது, பழைய இரும்புக்குப் போடத்தான் லாயக்கு என்றார்கள். காசிமாயன் மூன்று மாதம் அதற்கு அடியிலேயே குடியிருந்து, இஞ்சினைப் பிரித்துக் கோத்தான்.

வாடிப்பட்டிக்கு வடக்கே மலையடிவாரப் பாதையின் லட்சணம் அவனுக்குத் தெரியும். பாதி கல், பாதி மணல், நடுவே ஓடை. அதற்காகவே அடியிலிருக்கும் ஸ்பிரிங் வில்லில் இரண்டு பட்டை கூட்டி வண்டியை உயர்த்தினான். தண்ணீர் பட்டு நின்றுவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஒயருக்கும் மெழுகுத் துணி சுற்றினான். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று அவன் மனைவி ரெங்கம்மாளுக்கு இன்றைக்கும் குறைதான்.

“வர்ற வாரம் நானும் கூடப் போறேன் முதலாளி. வண்டி நின்னா, அந்த ரெண்டையும் நீங்க எனக்குக் குடுக்க வேணாம்.”

வாய்விட்டுச் சொல்லிவிட்டான். இனி பின்வாங்க முடியாது.

அடுத்த வாரம் பலசரக்கு மூட்டைகளோடு லாரி கிளம்பியது. மேடு ஏறியது, பள்ளம் இறங்கியது, மணலில் புதையாமல் தாண்டியது. ஒரு முனகல் இல்லை. காசிமாயனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஓடைக்கு இந்தப் பக்கம் பேயாண்டி வண்டியை நிறுத்தினான்.

“வண்டி கொஞ்சம் ஆறட்டும்ணே. நீங்க போயி முகம் கழுவிட்டு வாங்க.”

நாலடி போன காசிமாயன், துண்டை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினான். பேயாண்டி பானெட்டைத் தூக்கி, ஸ்பானரால் எதையோ தளர்த்திக்கொண்டிருந்தான். இஞ்சினுக்குக் கரண்டு போகிற ஒயரின் நட்டு! ஓடைக் கல்லில் நாலு குலுக்கு குலுங்கினால் ஒயர் தானாகக் கழன்றுவிடும்.

காசிமாயன் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“அடப்பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறது நீதானா? உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?”

பேயாண்டி திமிறவில்லை.

“தப்புத்தாண்ணே. எம்புட்டு வேணும்னாலும் அடிங்க, வாங்கிக்கிடுறேன். ஓடையைத் தாண்டுனப்புறம் அடிங்க. அதுவரைக்கும் பேசாம வாங்க.”

ஓடையைத் தாண்டியதும் சொல்லி வைத்தாற்போல வண்டி நின்றது.

எதிரே ஒரு கூரை வீடு. உள்ளேயிருந்து முப்பது வயது ஆள் ஒருவன் சுவரைத் தடவிக்கொண்டு அவசரமாக வந்தான். முகமெல்லாம் தீத் தழும்பு. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

“என்ன பேயாண்டி, இன்னைக்குமா? தள்ளு, தள்ளு! நான் பாக்குறேன்.”

குரலில் அத்தனை உற்சாகம். அவன் விரல்கள் இஞ்சின்மேல் ஓடத் தொடங்கின.

வாசலில் நின்ற அவன் மனைவி ஒச்சம்மாள், காசிமாயனைப் பார்த்து, எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோலக் கைகூப்பினாள்.

பேயாண்டி காசிமாயனை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கிசுகிசுத்தான்.

“ஆண்டிச்சாமிண்ணே இவரு பேரு. பர்மா சண்டையில இதே மாதிரி லாரிதான் ஓட்டுனாரு. குண்டு விழுந்து கண்ணு போச்சு. ஊருக்கு வந்து எட்டு மாசம் வாசப்படி தாண்டலை. செத்துப்போறேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு. ஒருநா மூட்டைக் கயித்தை இறுக்க வண்டியை இங்கன நிறுத்துனேன். சத்தம் கேட்டு ஓடியாந்து, ‘என்ன கோளாறு?’ன்னு கேட்டாரு. அந்த மொகத்தைப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்ல வாய் வரலண்ணே. அன்னைக்குத்தான் அவரு வயிறாரச் சாப்பிட்டாருன்னு அந்தக்கா அழுதுச்சு.”

காசிமாயன் வண்டியின் ஓரமாக முன்பக்கம் எட்டிப் பார்த்தான்.

முன்னாலிருந்து ஆண்டிச்சாமியின் குரல் வந்தது.

“ஒயரு கழண்டிருக்கு பேயாண்டி, மாட்டி முடுக்கிட்டேன். ரெண்டு ஆள் நடக்குற சத்தம் கேட்டுச்சே, கூட வந்திருக்கிறது யாரு?”

“வண்டியைக் கட்டுன மெக்கானிக்குண்ணே.”

“அப்படியா! வேலை சுத்தம்ணே. ஒயருக்கெல்லாம் மெழுகுத் துணி சுத்தியிருக்கீங்க. பட்டாளத்துல கூட இப்படிச் செய்ய மாட்டாங்க. இந்த ஒரு நட்டுதான்…”

காசிமாயனின் வாழ்நாளில், முதலாளியைத் தவிர, அவன் வேலையில் குறை சொன்னவர்கள் தப்பிப் போனதில்லை. இன்றைக்கு அவனே முந்திக்கொண்டான்.

“ஆமா தம்பி. நான்தான் அதைச் சரியா முடுக்காம விட்டுட்டேன்.”

“அதனால என்னண்ணே? இந்தப் பக்கம் வந்தா நான் பாத்துக்கிடுறேன்!”

சாயந்திரம் மதுரையில் சீதாராமன் காத்திருந்தார்.

“நின்னுதா?”

“நின்னுச்சு முதலாளி.”

“கோளாறு யார் மேலே?”

“என் வேலையிலதான்.”

“அப்போ அந்த ரெண்டு வண்டியும் வேற பட்டறைக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். காசிமாயனுக்கு வலிக்கத்தான் செய்தது.

பேயாண்டி கண் கலங்கி நின்றான். “அண்ணே…”

“அழுகையை நிறுத்துடா. வாரா வாரம் அதே நட்டு கழண்டா, பட்டாளத்துல வண்டி ஓட்டுன ஆளுக்குச் சந்தேகம் வராதா? வர்ற வாரமும் நான் வாரேன். பெட்ரோல் குழாயில ஒரு கோளாறு பண்ணித் தாரேன். கண்டுபிடிக்க அவருக்கு முழுசா அரை மணி நேரமாவது ஆகணும்.”