கெசியா தேய்த்த அச்சு

ஓடைக்கரையில் நாய் குரைத்தது. கெசியா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மெழுகில் குழைத்த மணலைக் குச்சி நுனியில் அப்பி, குண்டு வார்க்கும் இரும்பு அச்சின் குழிக்குள் விட்டு இன்னும் வேகமாகத் திருகினாள்.

எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீரும் சாம்பலும் போதும். "மணல மட்டும் போட்டுடாத புள்ள, குழி பெருசாயிடும், குண்டு பருத்துடும்" என்று புருஷன் அமோஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். இன்று அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

கென்டக்கி மலையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அச்சு. துப்பாக்கியையும் அச்சையும் கொல்லன் ஜோடியாகத்தான் செய்து கொடுப்பான். பக்கத்து நிலத்து ரூஃபஸின் நெஞ்சிலிருந்து எடுத்த குண்டை யார் கண்ணிலும் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டு, ஷெரீஃப் டாபின்ஸ் வீடு வீடாக வருகிறார். அந்தந்த வீட்டு அச்சில் ஒரு குண்டு வார்த்து, இரண்டையும் தராசில் வைக்கிறார். தட்டு சமமாக நின்றால் அந்த வீட்டுக்காரனுக்குத் தூக்கு. அச்சைக் காணோம் என்று சொல்பவனுக்கும் அதே கதிதான்.

ரூஃபஸோடு வேலித் தகராறில் மல்லுக்கு நின்றவன் அமோஸ். ரூஃபஸ் செத்த அன்று சாயங்காலம், சட்டைக் கையெல்லாம் ரத்தமாக, துப்பாக்கி இல்லாமல் வந்து நின்றான்.

"மான் புள்ள. சுட்டும் விழல. கழுத்தப் புடிச்சேன், உதறிட்டு ஓடிடுச்சு. துப்பாக்கி ஓடை வெள்ளத்தோட போச்சு. அணில் அடிக்கிற துப்பாக்கிக்கு மான் விழுமா?"

ஓடிப்போன மானை யார் நம்புவார்கள்? கட்டிய பெண்டாட்டியே நம்பவில்லை. அவன் கொலைகாரனாகவே இருந்தாலும் அவளுக்கு அவன் வேண்டும்.

வாசலில் குதிரை கனைத்தது. கெசியா அச்சைக் கழுவி, பொட்டு ஈரம் இல்லாமல் அடுப்பனலில் உலர்த்தினாள். குண்டு ஒட்டாமல் கழன்று வர, வழக்கம்போல மெழுகுவர்த்திப் புகையைக் குழிக்குள் பிடித்தாள். மணல் கீறியதெல்லாம் கரிக்குள் மறைந்தது.

"அடேயப்பா, அச்ச நல்லாப் பேணி வச்சிருக்கியே தங்கச்சி!" என்றபடி உள்ளே வந்தார் ஷெரீஃப்.

"எல்லாம் அவ கைவேலதான் அண்ணே. வார்த்துப் பாத்துட்டு, சோளரொட்டி சாப்பிட்டுத்தான் போகணும்" என்றான் அவர் பின்னாலேயே வந்த அமோஸ். என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஷெரீஃப் ஈயத்தை உருக்கி, அதில் துளி மெழுகு போட்டுக் கிளறி, மேலே திரண்ட கசடை ஒதுக்கினார். கரண்டியின் விளிம்பையும் குச்சியால் சுரண்டினார். "கசடு சேந்தா எடை பொய் சொல்லும்."

முதல் குண்டு சுருக்கம் விழுந்து வந்தது. "அச்சு இன்னும் சூடேறல" என்று அதைத் திரும்ப உருகிய ஈயத்தில் போட்டார். கெசியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது, மறுபடி போனது.

இரண்டாவது குண்டு பளபளவென்று விழுந்தது. ஈயம் ஊற்றிய வாயில் நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கத்தியால் நறுக்கிவிட்டு ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் ரூஃபஸின் நெஞ்சைத் துளைத்த நசுங்கிய குண்டு.

தட்டுகள் ஏறின, இறங்கின. ஆண்டவரே, சாயட்டும், எந்தப் பக்கமாவது சாயட்டும் என்று அவள் முணுமுணுத்தாள்.

இரண்டும் சமமாக நின்றன.

 ஷெரீஃப் தோளில் கிடந்த கயிற்றை எடுத்தார். "கைய நீட்டுப்பா அமோஸ்."

அமோஸ் தராசுக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"என்னண்ணே இது, எங்க அச்சுல வர்ற குண்டு பட்டாணி அளவுதான் இருக்கும். இவ்ளோ பெருசு வராதே!" என்றவன், சட்டென்று முகம் மலர்ந்து மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லு கெசியா, நம்ம குண்டு இதவிடச் சின்னதுதானே?"