அடிபட்ட நேரம்

ஊசி மருந்து முழுவதும் உள்ளே போய்விட்டது.

அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு இறங்கிய பிறகுதான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

கட்டிலில் அவள் புருஷன் இருளப்பன் கிடந்தான். இரண்டாவது மாடியில் பூச்சு வேலை பார்க்கும்போது சாரம் சரிந்து விழுந்தவன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார்கள். வயிறு கல்லாக இறுகி, உதடு வெளுத்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் காலியாக இன்னும் கால் மணி நேரம் ஆகுமாம்.

எப்படியோ மருந்தை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

அவள் சாமர்த்தியம்தான் அது. அவசரப் பிரிவு வாசலில் இவர்களுக்கு முன்னால் ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். லாரி மோதியதாம். கூட அந்தப் பெண்ணின் அண்ணன். அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு என்று டாக்டர் கேட்டார். அஞ்சு மணி நேரம் இருக்கும் சார் என்றான், அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி.

"அப்ப ரத்தத்தை நிறுத்துற இந்த ஊசி மருந்து கிடையாது. மூணு மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஸ்ட்ரெச்சருக்கு வந்தார்.

இருளப்பன் விழுந்தது காலை ஒன்பது மணிக்கு. முதலில் போன ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம் என்றே நேரத்தைத் தின்றார்கள். கடைசியில் ஒரு சீட்டுகூட எழுதித் தராமல் இங்கே விரட்டினார்கள். வந்து சேரும்போது ஒன்றரை.

"எத்தனை மணிக்கும்மா விழுந்தாரு?"

"பதினோரு மணி சார்."

நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. எந்தக் கவுண்ட்டரில் உள்ளதைச் சொல்லி அவளுக்குக் காரியம் நடந்திருக்கிறது? மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, பிறந்த மாதத்தையே மாற்றிச் சொன்னவள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். கட்டினவன் உயிருக்கு அவள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள்.

இது ஆராய்ச்சி மருந்தும்மா, கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டாள்.

இப்போது நர்ஸ் ஜெசிந்தா ஒரு படிவத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவசரத்துல வாயாலதான சம்மதம் வாங்குனோம். இப்ப முழுசா வாசிக்கிறேன். கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா."

வாசித்தாள்.

"ரத்தக் கசிவை இந்த மருந்து நிறுத்துகிறதா என்று அறிவதற்காக இந்த ஆராய்ச்சி. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு பெட்டியிலிருந்து ஊசி போடப்படும். பாதிப் பெட்டிகளில் மருந்து இருக்கும். பாதியில் உப்புத் தண்ணீர் மட்டுமே இருக்கும். யாருக்கு எது என்பது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது."

"தண்ணியா?"

"எதுவா இருந்தாலும் மத்த வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. ரத்தம் ஏத்துறது, ஆபரேஷன், எல்லாமே."

"மருந்து இல்லைன்னாங்களே, அந்தப் பிள்ளைக்கு?"

"லாரி கேஸா? அவங்களைத்தான் இப்ப உள்ள ஆபரேஷன் பண்ணிட்டிருக்காங்க."

பொய் சொல்லி வாங்கியது வெறும் தண்ணீரோ? ஒச்சாண்டம்மா, மருந்தா இருக்கட்டும், மருந்தா இருக்கட்டும் என்று குலதெய்வத்திடம் மனதுக்குள் முட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பினாள்.

"அடிபட்டு மூன்று மணி நேரம் கடந்தவர்களுக்கு இந்த மருந்து நன்மை செய்யாது. கெடுதல் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அவர்களுக்கு இது கொடுக்கப்படுவதில்லை."

"இன்னொருக்கா வாசிங்க தாயி."

ஜெசிந்தா இன்னொரு முறை வாசித்தாள். அதே எழுத்துகள்தான்.

பிறகு பேனாவை நீட்டினாள். "அடிபட்ட நேரம், காலை பதினொன்று. சரிதானேக்கா?"

அவள் பேனாவை வாங்கவில்லை. சொன்னால் இப்படியே கட்டிலோடு வெளியே தள்ளிவிடுவார்களோ? போலீஸைக் கூப்பிடுவார்களோ? நாலரை மணி நேரம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் நாலரைதான் வந்தது.

இருளப்பன் தண்ணீர் கேட்பதுபோல உதட்டை அசைத்தான்.

"ஒம்போது மணி தாயி" என்றாள். "ஒம்போது மணிக்கே விழுந்துட்டாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன். உள்ள போனத எடுத்துருங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், எடுத்துருங்க தாயி."

ஜெசிந்தா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கீழே விழுந்தது.

டாக்டர் ஓடி வந்தார். அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து ஆராய்ச்சி அலுவலகத்து எண்களைத் தட்டினார். இன்னொரு காதை விரலால் பொத்திக்கொண்டார்.

"நூத்தி நாப்பத்தேழாம் நம்பர் பெட்டி. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு இப்பவே தெரியணும். ரகசியப் பட்டியலைப் பிரிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் யாரோ எதையோ தேடினார்கள். அவர் காத்திருந்தார்.

அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தண்ணியா இருக்கணும் ஒச்சாண்டம்மா. வெறுந் தண்ணியா இருக்கணும்.

போனில் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர் அவள் பக்கம் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.