சாத்திய கதவு

கைபேசியில் பள்ளிக்கூடத்து எண்ணைப் பார்த்ததுமே அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"சின்னுவோட அம்மாதானே? கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

"என்னங்க ஆச்சு? யாரையாவது அடிச்சுட்டாளா?"

"நேர்ல பேசிக்கலாம். பயப்படாம வாங்க."

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் அவளுக்குப் பயமே வரும். ஓரம் மடித்துக்கொண்டிருந்த பேன்ட்டை மெஷின் ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் தையல் கடைக்காரி.

"பெரிய மனசு பண்ணுங்கக்கா. போன கையோட வந்துடறேன்."

பேருந்தில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்கள் கை கழுவிவிட்டன. கோபம் வந்தால் சின்னுவுக்குக் கண்மண் தெரியாது. நாற்காலி பறக்கும். பக்கத்துப் பிள்ளையின் முடி கையோடு வரும். அப்புறம் அவளே மூலையில் சுருண்டுகொண்டு தேம்பித் தேம்பி அழுவாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி என்று யாரோ சொல்லி, அலையாய் அலைந்து இங்கே சேர்த்திருந்தாள். இவர்களும் 'கூட்டிட்டுப் போயிடுங்க' என்றால்? அதற்கப்புறம் எந்தக் கதவைத் தட்டுவது?

பள்ளியின் வாசலிலேயே கேட்டுவிட்டது அந்த அலறல். ஆயிரம் பிள்ளைகள் கத்தினாலும் அவளுக்கு அடையாளம் தெரியும் குரல்.

செருப்பைக் கழற்றக்கூட நினைப்பில்லாமல் ஓடினாள்.

நடைவழியின் கோடியில் ஒரு சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தடதடவென்று உதைக்கும் சத்தம். வெளியே டீச்சர், ஏதோ பொழுதுபோக்குக்கு உட்கார்ந்தவள் போலத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, உடைந்த கிரேயான்களில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் புதுப் பல் தடம் சிவந்து கிடந்தது.

"என் பொண்ணை உள்ளே போட்டு அடைச்சுட்டீங்களா?"

டீச்சர் உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்றாள். அவ்வளவுதான். இவளுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என்னங்க உஷ்? கடிச்சுட்டாளேன்னு பழி வாங்கறீங்களா? எட்டு வயசுப் புள்ளைங்க அது! கத்தறது உங்க காதுல விழலியா? பெத்த மனசு உங்களுக்கு எங்கே தெரியப்போவுது? ஒரு குழந்தையை ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டறவங்க எல்லாம் மனுஷங்களா?"

"கொஞ்சம் மெதுவாங்க..."

"முடியாது! நீங்க திறக்கறீங்களா, நான் உடைக்கட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் கதவில் கையை வைத்தாள். மேலே தடவினாள். கீழே தடவினாள். தாழ்ப்பாள் இல்லை. பூட்டு இல்லை. எப்போதோ திருகாணி இருந்த ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"வெளியே இருந்ததைக் கழட்டிட்டோங்க," என்றாள் டீச்சர். "இந்த ரூமுக்கு உள்ளேதான் தாழ்ப்பாள். அவளாத்தான் போய்ப் போட்டுக்கிட்டா."

"அவளாவா?"

"கோபம் தாங்கலேன்னா யாரையும் அடிக்க வேண்டாம், இதுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோன்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்லி வச்சிருக்கோம். உள்ளே மெத்தையும் தலகாணியும்தான், அடிபடாது. அவசரம்னா வெளியேயிருந்தே நெம்பித் திறந்துடலாம். ஆனா அவளாத் திறக்கணும்." டீச்சர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "என்னைக் கடிச்சா. பாதியிலேயே விட்டுட்டு இங்கே ஓடி வந்துட்டா. இதுவரைக்கும் அப்படிப் பண்ணினதே இல்லை. நீங்க பக்கத்துல இருந்து பார்க்கணும்னு தோணுச்சு. அதான் கூப்பிட்டேன்."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ... கூட்டிட்டுப் போகச் சொல்லலியா?"

"எதுக்குங்க?"

உதைக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அலறலைவிட அந்த அமைதி அவளை இன்னும் பயமுறுத்தியது. டீச்சர் ஒரு நீலக் கிரேயானைக் கதவின் அடியிடுக்கில் உள்ளே தள்ளினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இவள் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து கிரேயான் உருண்டு வெளியே வந்தது. டீச்சர் திரும்ப உள்ளே தள்ளினாள். அது மறுபடி வந்தது. இந்த முறை உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தமும் சேர்ந்து வந்தது.

'டக்'கென்று தாழ்ப்பாள் விலகியது.

வியர்த்த முகமும் கலைந்த தலையுமாக சின்னு எட்டிப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், பக்கத்தில் அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கை தாழ்ப்பாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா..."

"வாடா கண்ணு."

சின்னு வரவில்லை.

"இந்த ரூமுக்கும் வெளியே தாழ்ப்பாள் வைக்கச் சொல்லப்போறியாம்மா? நம்ம வீட்டுல என் ரூமுக்கு வச்ச மாதிரி?"

டீச்சர் காதில் எதுவும் விழாதவள்போலக் குனிந்து கிரேயான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

இவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். மகளை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லடா. வீட்டுல இருக்கறதை எப்படிக் கழட்டறதுன்னு உங்க மிஸ்கிட்ட கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."