மெயில் போட்டியா?

மீட்டிங் முடிந்து, ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே அறைக் கதவைத் திறந்தவருக்கு ஹாலைப் பார்த்ததும் திக்கென்றது. மைத்துனர் சோபாவில் உட்கார்ந்து ஒரு சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெட்டிகள். அதில் பெரியது, ஒரு சக்கரம் இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது.

இத்தனை சாமானோடு வந்தால் மாதக்கணக்கில் டேரா போடுவாரே என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆனாலும் ஒரு சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டார்.

"வாங்க மச்சான். எப்ப வந்தீங்க?"

"கொஞ்ச நேரம் ஆச்சு மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு உட்கார்ந்திருக்கேன்."

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவியோடு நேற்று போட்ட சண்டைக்குப் பிறகு அவர் ஆபீஸ் அறையிலேயே படுத்து, காலையிலிருந்து வெளியே தலைகாட்டவில்லை. அதற்குள் அண்ணனைப் பஞ்சாயத்துக்கு வரவழைத்துவிட்டு, அம்மணி உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளாக்கும். வரட்டும். பஞ்சாயத்து என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஆபீசில் அவருக்கு 'ஆதாரம்' என்றே பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் "மெயில் போட்டியா?" என்று கேட்பார். அவர் போடுகிற மெயிலின் அடியில் 'பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்' என்ற வரி தவறாமல் இருக்கும். போன வருடம் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழாய் ஒழுகினாலும் தலை வலித்தாலும் பெண்டாட்டி மெயில் போட வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் சேராது.

லேப்டாப்பைத் தூக்கிவந்து மைத்துனர் எதிரில் வைத்தார் ஆதாரம்.

"உங்க தங்கச்சிக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்காம். போயே தீருவேன்னு நிக்கறா. ரொம்ப நாளா சொல்லிட்டுதான் இருக்கேன்னு சாதிக்கறா. எனக்கு நேத்துதான் விஷயமே தெரியும். உங்க கண்ணு முன்னாடியே தேடிக் காட்டறேன்."

"எதுக்கு மாப்பிள்ளை இப்ப அதெல்லாம்..."

"இருங்க மச்சான். ஊர்ல இருக்கறவன்லாம் விரலால தள்ளித் தள்ளித் தேடுவான். நமக்கு எல்லாம் குறுக்குவழிதான்." கீபோர்டில் விரல்கள் துள்ளின. "முதல்ல 'இன் இன்பாக்ஸ்', இன்பாக்ஸ்ல மட்டும் தேடும். அதைப் போடலைன்னா கண்ட குப்பையும் வந்து நிக்கும். அடுத்து 'ஃப்ரம்', அவ பேரு. அப்புறம் 'ஆஃப்டர்', போன வருஷம். ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது."

திரையில் ஒரு மெயில்கூட இல்லை. ஆதாரம் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு வருஷமா பெண்டாட்டிகிட்டருந்து ஒரு மெயிலும் வரலையே, அது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியலையா?"

"குறை ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் மச்சான். குடும்பம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

மைத்துனர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "முதல்ல ஏதோ ஒரு குறுக்குவழி போட்டீங்களே, அதை எடுத்துட்டு ஒரு தடவை தேடுங்களேன்" என்றார்.

"எடுத்தாலும் இதேதான் வரும்" என்றபடி அலட்சியமாக அழித்துவிட்டுத் தட்டினார்.

திரை நிரம்பி வழிந்தது.

ஆதாரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருநாள் மேலதிகாரிகளுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, 'குளியலறைக் குழாய் ஒழுகுகிறது' என்று மனைவியின் மெயில் ஓரத்தில் எட்டிப்பார்த்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கடுப்பில் அதுவரை வந்ததையெல்லாம் அழித்துவிட்டு, இனி அவள் மெயில் எதுவும் இன்பாக்ஸை மிதிக்காமல் நேராக 'வீடு' என்ற ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும் என்று கட்டளை போட்டு வைத்தார். அதோடு அந்த ஃபோல்டரையும் மறந்துவிட்டார்.

ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. 'குழாய் இன்னும் ஒழுகுகிறது.' 'பெரிய பெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது, மாற்றித் தருவீர்களா?' 'நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.' 'வேலை கிடைத்துவிட்டது.' அதற்கு மேலே 'நான் போகட்டுமா?' என்று ஒன்று. அதே கேள்வி இன்னொன்று. அதே கேள்வி மறுபடியும்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்று காலை வந்தது இருந்தது. 'பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.'

அவருடைய சொந்த வரி அவர் மேலேயே பாய்ந்ததில் முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நொடியே நிஜமாகப் பயம் வந்தது. சட்டென்று எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"இந்தா, கதவைத் திற. மெயிலெல்லாம் வேண்டாம், வாயாலயே பேசலாம்."

உள்ளேயிருந்து சத்தமில்லை. மறுபடியும் தட்டினார்.

மைத்துனர் எழுந்து, விரலில் இருந்த வீட்டுச் சாவியை லேப்டாப் மேல் வைத்தார். சக்கரம் இல்லாத பெட்டியைப் பிடியோடு தூக்கிக்கொண்டார்.

"தட்டாதீங்க மாப்பிள்ளை, அவ காலைலயே கிளம்பிட்டா. நான் அவ பெட்டிங்களை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."